தலைக்கு எவ்வளவு? அரசின் கடனும் குடிமக்களின் கடனும்

தமிழ்நாட்டின் நிதிநிலை குறித்து அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021 ஆகஸ்டு 9ஆம் நாள் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இடம்பெற்ற எண்ணற்ற புள்ளிவிவரங்களுள் மக்கள் நினைவில் தங்கியது ஒன்றுதான்: மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்பது. 2022 மார்ச் இறுதியில் மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்ற மதிப்பீட்டை ஏறத்தாழ 2.16 கோடிக் குடும்பங்களால் வகுத்தபோது கிடைத்த ஈவு அது. 2025-26ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 2026 மார்ச் இறுதிக்கான கடன் நிலுவையை 9,29,959 கோடி ரூபாயாக மதிப்பிட்டபோது, அதே வகுத்தலை இம்முறை எதிர்த்தரப்பினர் செய்தார்கள். ஈவு 4 லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆட்சி மாறும்போது வகுப்பவர் மாறுகிறாரே ஒழிய வகுத்தல் மாறுவதில்லை.

கணக்கு என்ற அளவில் இந்த வகுத்தலில் பிழை ஏதும் இல்லை. ஆனால், அது கேட்பவர் மனத்தில் எழுப்பும் படம், அதாவது வீட்டு வாசலில் என்றோ ஒருநாள் வந்து நிற்கப்போகும் ஒரு கடன்காரரின் படம், சட்டப்படியும் பொருளியல்படியும் தவறானது. அந்தப் படத்தை முற்றிலும் துடைத்துவிட்டு, அரசுக் கடன் என்பது எவரையும் தொடாத வெறும் ஏட்டுக் கணக்கு என்று சொல்வதும் அதே அளவு தவறானது. அரசின் கடன் குடிமக்களை வந்தடைகிறது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வந்தடைவதில்லை, கடன் என்ற பெயரோடும் வந்தடைவதில்லை. அது எந்தெந்த வழிகளில், யார் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை அறிய, முதலில் தனிமனிதக் கடன் எப்படிப்பட்ட கட்டுப்பாடு என்பதைப் பார்க்க வேண்டும்.

தனிமனிதர் ஒருவர் பட்ட கடனுக்குப் பெயர், தேதி, கையெழுத்து ஆகிய மூன்றும் உண்டு. ஊர்ப்புறங்களில் இன்றும் வழக்கில் உள்ள புரோநோட்டு, அதாவது கேட்கும்போது திருப்பித் தருவதாக எழுதித்தரும் உறுதிச்சீட்டு, ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே போட்ட கையெழுத்தோடு கைமாறுகிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அந்தச் சீட்டு எழுதப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரப்படாவிட்டால் நீதிமன்றத்தின் வழியாக அதை வசூலிக்கும் உரிமை அற்றுப்போகும். அதனால்தான் கடன் கொடுத்தவர் மூன்றாண்டு முடியும் தறுவாயில் வந்து, நூறோ இருநூறோ கட்டியதாகச் சீட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கடன்பட்டவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறார். அந்தச் சிறு வரவு கடனுக்கு இன்னும் மூன்று ஆண்டு ஆயுளைத் தந்துவிடுகிறது. சட்டத்தின் நுணுக்கத்தைச் சட்டம் படிக்காதவர்கள் இவ்வளவு துல்லியமாகக் கையாளும் இடங்கள் அதிகம் இல்லை.

கடனைத் திருப்பிக் கட்டாதவரின் உடைமைகளை நீதிமன்றம் முடக்கி விற்கலாம் என்றாலும், அதற்கும் எல்லை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு எவற்றைக் கைவைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது: உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர் மாடுகளும் விதைநெல்லும், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலன். தாலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டாலும் தமிழ்நாட்டில் இந்தக் கடைசித் தொடர் எதைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. சம்பளத்திலும் முதல் ஆயிரம் ரூபாய் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடக்க முடியாது. வருங்கால வைப்பு நிதியைத் தொடவே முடியாது. பணமில்லாத காரணத்தால் மட்டும் ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழ்வு, தன்னுரிமை ஆகியவற்றுக்கு எதிரானது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

கடன்பட்டவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பளவுக்கு மட்டுமே வாரிசுகள் பொறுப்பாவார்கள். இந்துக் குடும்பங்களில் தந்தையின் கடனை அடைப்பது மகனின் அறக்கடமை என்ற பழைய கோட்பாடு நெடுங்காலம் நீதிமன்றங்களில் செல்லுபடியாகி வந்தது. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் பெண்களுக்குப் பிறப்பிலேயே பங்குரிமை தந்தபோது, அந்தக் கடமையை மட்டுமே காரணமாகக் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோரிடம் இனி வசூலிக்க முடியாது என்றும் விதித்தது. திருத்தத்தின் முதல் பாதியைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. இந்த இரண்டாம் பாதி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. இவை எதுவும் கைகொடுக்காதபோது கடைசி வழியாகத் திவால் மனு இருக்கிறது. ‘ஐ.பி. கொடுத்தான்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தான்’ என்று ஊர்வழக்கு இகழ்ச்சியோடு சொல்லும் அந்த ஏற்பாடு உண்மையில் கடன்பட்டவருக்கு ஒரு முடிவைத் தருவதற்காக 1909, 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உருவானது. ஆக, தனிமனிதக் கடனுக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. அது ஒரு மனித ஆயுளுக்குள் அடங்க வேண்டிய கட்டுப்பாடு.

அரசுக் கடன் இப்படிப்பட்டதன்று என்னும் வேறுபாடு எல்லாக் காலத்திலும் இருந்து வந்ததன்று. ஆள்பவரின் சொந்தக் கடனும் நாட்டின் கடனும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலக வரலாற்றில் மிகப் பெரிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. 1749 முதல் 1795 வரை ஆர்க்காட்டு நவாபாக இருந்த முகமது அலி வாலாஜா, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்த அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் பெருந்தொகைகளைக் கடனாக வாங்கினார். தொடக்கத்தில் வட்டி ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல். ஈடாக அவர் எழுதிக் கொடுத்தவை அவருடைய நகைகளோ மாளிகைகளோ அல்ல, சீமைகளின் நிலவரி. நாட்டின் வருவாய் முழுவதும் ஆள்பவரின் கைப்பணம் என்று கருதப்பட்ட அமைப்பில் அது யாருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை. கடன் கொடுத்தவரின் ஆட்கள் அறுவடைக் களத்திலேயே நின்று வசூலித்தார்கள். நவாபின் பெயரைத் தவிர அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடியானவரின் நெல் நவாபின் வட்டிக்குப் போனது.

1773இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைக் கைப்பற்றியபோது, அவ்வூரின் விளைச்சலும் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியரிடம் ஈடானது. 1776இல் சென்னையின் கம்பெனி ஆளுநர் பிகட் தஞ்சையை அதன் மன்னரிடம் திருப்பி ஒப்படைக்கவே, பென்ஃபீல்டின் கடன் என்னாவது என்ற கேள்வி எழுந்து ஆளுநர் அவையே இரண்டாகப் பிளந்தது. பெரும்பான்மையினர் சேர்ந்து ஆளுநரையே சிறைப்பிடித்தார்கள். 1777 மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். ஒரு தனிமனிதரின் கடன் பத்திரத்துக்காக ஒரு மாகாணத்தின் ஆளுநர் காவலில் மாண்ட நிகழ்ச்சி அது. பின்னர், இக்கடன்களை விசாரணையின்றி ஏற்று, கர்நாடகச் சீமையின், அதாவது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதியின், வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கி அடைப்பதென இலண்டனில் முடிவானபோது, எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். இந்நாட்டு மன்னர்கள் வெட்டிய ஏரிகளைப் பற்றியும் அந்த உரையில் அவர் விரிவாகச் சொன்னார். நீர்நிலைகளைப் பேண வேண்டிய வருவாய் வட்டியாகக் கரைகிறது என்பது அவர் குற்றச்சாட்டின் உட்கரு. 1801இல் கர்நாடகம் கம்பெனி ஆட்சிக்கு வந்தபின் அமைக்கப்பட்ட ஆணையர் குழு, மேலும் குவிந்திருந்த கடன் கோரிக்கைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து மிகப் பெரும்பகுதி செல்லாதவை என்று தள்ளியது.

ஆள்பவரையும் அரசையும் பிரிக்கும் கோட்டை இன்றைய இந்திய அரசியல் சட்டம் இரண்டு உறுப்புகளில் வரைந்திருக்கிறது. 292ஆம் உறுப்பு ஒன்றிய அரசையும் 293ஆம் உறுப்பு மாநில அரசுகளையும் தத்தம் தொகுப்பு நிதியின் பொறுப்பில், அதாவது வரிகளும் பிற வருவாய்களும் வந்து சேரும் பொதுக் கருவூலத்தின் ஈட்டில், கடன் வாங்க அனுமதிக்கின்றன. கடன்பட்டது அந்த நிதி. அமைச்சரோ முதல்வரோ வாக்காளரோ அல்லர். எந்தக் கடன் பத்திரதாரரும் எந்தக் குடும்பத்தின் மீதும் வழக்குத் தொடர முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. வட்டியும் தவணையும் தொகுப்பு நிதியின் மீது ‘சார்த்தப்பட்ட செலவு’ என்று வகுக்கப்பட்டிருப்பதால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அவற்றைப் பற்றி விவாதிக்கலாம், வாக்கெடுப்பால் குறைக்க முடியாது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உறுப்பினர்கள் வாக்களித்து ஒதுக்கும் பணம் எல்லாம், வட்டி தன் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சியதே. அரசுக் கடன் குடிமக்களை வந்தடையும் முதல் வழி இது. 2025-26இல் தமிழ்நாட்டின் வட்டிச் செலவு சுமார் 70 ஆயிரம் கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. மாநிலத்தின் வருவாய் வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஒன்றிய அரசு அதே ஆண்டில் செலவழிக்கத் திட்டமிட்ட ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டிக்கு.

அந்த வட்டி யாருக்குப் போகிறது என்பது தலைக்கணக்கு போடுபவர்கள் கேட்க மறக்கும் கேள்வி. தமிழ்நாடு அரசு பணம் திரட்டும் முதன்மையான வழி, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில் கடன் பத்திரங்களை விற்பது. அவற்றை வாங்குபவை வணிக வங்கிகள், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள். வங்கி வாங்குவது சேமிப்புக் கணக்கிலும் நிலை வைப்பிலும் மக்கள் போட்ட பணத்தால். காப்பீட்டு நிறுவனம் வாங்குவது பிரீமியத்தால். தொழிலாளர் வைப்பு நிதி தன் முதலீட்டில் ஏறத்தாழ பாதியை அரசுப் பத்திரங்களில் போட வேண்டும் என்பது விதி. எனவே திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதி அரசுகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்ட பணம்தான். அவர் தலையில் கடன் இருப்பதாகச் சொல்லும் கணக்கு, அவர் கையில் இருக்கும் கடன் பத்திரத்தைக் கழித்துக்கொள்வதில்லை. நாட்டுக்குள்ளேயே வாங்கப்பட்ட கடனில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே மக்கள்திரள் என்பது உண்மை. ஆனால் ஒரே ஆட்கள் அல்லர். வட்டி பெறுவோர் வங்கியில் சேமிக்க முடிந்தவர்கள், நிறுவனத்தில் நிரந்தர வேலை உள்ளவர்கள்; அந்த வட்டிக்காக வரி கட்டுவோரில் சோப்பும் தீப்பெட்டியும் பெட்ரோலும் வாங்கும் எல்லோரும் உண்டு. அரசுக் கடனின் சுமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இந்த இடமாற்றத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அரசு கடனை அடைப்பதே இல்லையே, பழைய கடனைக் கட்டப் புதுக் கடன்தானே வாங்குகிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. அது உண்மைதான். 2025-26இல் தமிழ்நாடு 1,62,097 கோடி ரூபாய் கடன் வாங்கி, 55,845 கோடி ரூபாய் பழைய கடனைத் திருப்பிக் கட்டத் திட்டமிட்டது. கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்தவர், ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி, ஏட்டில் மீட்டதாகக் காட்டி, அதே வளையலை அன்றே திருப்பி வைப்பதைப் போன்ற செயல் இது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயுளில் இருக்கிறது. திருப்பி வைப்பவரின் உழைக்கும் காலம் முப்பது, நாற்பது ஆண்டுகள். அதற்குள் நகை மீண்டு வரவேண்டும், இல்லையேல் ஏலத்துக்குப் போகும். அரசுக்கு ஓய்வு பெறும் வயது இல்லை. அதன் வருவாய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஆகவே அரசைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது கடன் எப்போது தீரும் என்பதன்று, வருவாயோடு ஒப்பிட்டால் கடன் பெருகுகிறதா சுருங்குகிறதா என்பதே. 1944இல் பொருளியலாளர் எவ்சி டோமர் இதை ஒரு எளிய உறவாக விளக்கினார்: நாட்டின் உற்பத்தி மதிப்பு வளரும் வேகம் கடனுக்கான வட்டி வீதத்தைவிட அதிகமாக இருக்கும்வரை, பற்றாக்குறை அளவோடு இருந்தால், உற்பத்தியில் கடனின் விகிதம் ஒரு நிலையில் வந்து நின்றுவிடும். வளர்ச்சி வட்டிக்குக் கீழே இறங்கினால் அதே கடன் தானாகவே ஊதத் தொடங்கும். தமிழ்நாட்டின் கடன் அதன் உற்பத்தி மதிப்பில் 26.07 விழுக்காடு என்ற 2025-26இன் மதிப்பீடு, குடும்பத்துக்கு 4 லட்சம் என்ற எண்ணைவிடப் பல மடங்கு செய்தி சொல்வது இதனால்தான்.

கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு ஆண்டின் மொத்தச் செலவுக்கும், கடன் நீங்கலான வரவுக்கும் உள்ள இடைவெளி நிதிப் பற்றாக்குறை. அதற்குள் சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி முதலான அன்றாடச் செலவுகளுக்கே வருவாய் போதாமல் விழும் துண்டு வருவாய்ப் பற்றாக்குறை. 2025-26இல் தமிழ்நாட்டின் நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி ரூபாய், அதில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய் என்பது வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. அதாவது, நூறு ரூபாய் பற்றாக்குறையில் ஏறத்தாழ 39 ரூபாய் பாலமாகவோ அணையாகவோ பள்ளிக் கட்டடமாகவோ நிற்கப்போவதில்லை. முப்பது ஆண்டு நிற்கும் பாலத்துக்கு முப்பது ஆண்டு கட்டும் கடன் நியாயமானது, ஏனெனில் கட்டுபவர்களும் அதில் நடப்பவர்கள். இந்த மாதச் செலவுக்கு வாங்கிய கடனின் வட்டியை இன்னும் வாக்குரிமை பெறாத பிள்ளைகள் கட்டுவதற்கு அப்படி எந்த நியாயமும் இல்லை. 2021 வெள்ளை அறிக்கையின் உண்மையான எச்சரிக்கை குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்பதில் இல்லை. 2020-21இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாயைத் தொட்டுவிட்டது என்ற பக்கத்தில் இருந்தது. பெருந்தொற்று ஆண்டு என்பதைக் கழித்துக்கொண்டாலும், அந்தப் பற்றாக்குறை அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வளர்ந்து வந்தது.

அரசையும் குடும்பத்தையும் ஒப்பிடவே கூடாது என்று பொருளியலாளர்கள் பலர் சொல்வது எல்லா அரசுகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். தன் நாணயத்திலேயே கடன்பட்டு, அந்த நாணயத்தை வெளியிடும் மத்திய வங்கியையும் கொண்டுள்ள ஒன்றிய அரசுக்கு ரூபாய் இல்லாமல் போகும் நிலை வராது; அதன் ஆபத்து வேறு வடிவில், விலைவாசி ஏற்றமாக வரும். மாநில அரசு நாணயம் வெளியிட முடியாது, இந்தியாவுக்கு வெளியே தானாகக் கடன் வாங்க முடியாது, ஒன்றியத்துக்குப் பழைய கடன் பாக்கி இருக்கும்வரை அதன் ஒப்புதல் இல்லாமல் புதிய கடனும் வாங்க முடியாது. அந்த ஒப்புதலின் எல்லை என்ன என்பதைக் கேள்விக்குட்படுத்தி கேரள அரசு தொடுத்த வழக்கு 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இந்த வகையில் மாநில அரசு, குடும்பத்துக்கும் இறையாண்மை அரசுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. மூன்றாவது வகை, தன்னால் அச்சிட முடியாத அயல் நாணயத்தில் கடன்பட்ட அரசு. அதன் நிலை குடும்பத்தின் நிலைக்கு மிக அருகில் இருக்கிறது.

இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்தியபோது அதைத்தான் உலகம் பார்த்தது. 2007 முதல் பன்னாட்டுச் சந்தையில் டாலர் பத்திரங்களை விற்றுத் திரட்டிய கடனுக்குத் தவணை கட்டவும், எரிபொருளும் மருந்தும் இறக்குமதி செய்யவும் ஒரே டாலர் கையிருப்பை நம்பியிருந்த நாட்டில், அந்தக் கையிருப்பு வற்றியது. மார்ச்சுத் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த மாற்று விகிதம் மே மாதத்தில் 360ஐ எட்டியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 விழுக்காடு. இலங்கைக் குடும்பம் எதுவும் டாலர் பத்திரம் எதிலும் கையெழுத்திட்டதில்லை. ஆனாலும் அதன் சம்பளத்தின் மதிப்பு ஓராண்டுக்குள் பெருமளவு கரைந்தது. அரசுக் கடன் குடிமக்களை வந்தடையும் இரண்டாம் வழி இது.

மூன்றாம் வழி இன்னும் நுட்பமானது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் தந்தபின், உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்க வேண்டிய நிலையில், அந்நாட்டின் ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த அரசு முறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளுக்கு மாற்றிக்கொண்டது. 2026 வரை 12 விழுக்காடு, அதன்பின் 9 விழுக்காடு என வட்டி குறிக்கப்பட்டது; மாற மறுத்தால் நிதியின் வருமானத்துக்கான வரி 14 விழுக்காட்டிலிருந்து 30 ஆகும் என்றும் விதிக்கப்பட்டது. வங்கிகளின் கையிலிருந்த முறிகளுக்கு இந்த மாற்றம் கேட்கப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவை தளர்ந்தால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது அரசு சொன்ன காரணம். காரணத்தில் பொருள் இல்லாமல் இல்லை. எனினும், கொழும்பின் ஆடைத் தொழிற்சாலையிலும் மலையகத் தோட்டத்திலும் உழைத்தவரின் முதுமைக்கால வருவாய், அவர் கேட்காமலேயே, அரசின் கடன் நிவாரணமாக மாறியது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்திருந்தால் கொழும்பின் செல்வரும் நுவரெலியாவின் தோட்டத் தொழிலாளியும் சமமாகக் கட்டியிருக்க வேண்டும். நடந்தது அதுவன்று.

எதிர்த்திசையிலும் பாதை உண்டு; தனிமனிதக் கடன் அரசின் கடனாக மாறுவதும் நடக்கிறது. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன், அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் உழவர்கள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். அதே ஆண்டில் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, தேர்தல் வாக்குறுதிப்படி, ஐந்து சவரன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. தள்ளுபடி என்றால் கடன் மறைந்துவிடுவதாகப் பொருளன்று. கூட்டுறவு வங்கிக்கு உழவர் தரவேண்டியதை இனி அரசு தரவேண்டும். உழவரின் பேரேட்டிலிருந்து அரசின் பேரேட்டுக்கு அது பெயர்த்து எழுதப்படுகிறது. நகைக்கடன் தள்ளுபடிக்கு முன் அலசப்பட்ட சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை என்று கழிக்கப்பட்டன. ஒரே ஆள் பல சங்கங்களில் பல கடன்களை வாங்கியிருந்தது போன்ற காரணங்கள் அப்போது வெளிவந்தன. கூட்டுறவு சங்கத்தின் வாசலை எட்டாமல், தெருமுனை வட்டிக்கடையிலேயே நகையை வைத்தவருக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை. ஆனால் தள்ளுபடிக்கான வரியில் அவரும் பங்கு கொள்கிறார்.

பொதுத்துறை நிறுவனங்களுக்கு அரசு போடும் ஜாமீனும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்கு இணையானது என்பதை, நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்கள் அறிவார்கள். அரசும் அதை அறிந்தது. 2017 ஜனவரியில் மின் பகிர்மான நிறுவனங்களை மீட்கும் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது, மின்வாரியத்தின் 22,815 கோடி ரூபாய் கடனைத் தமிழ்நாடு அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. மின்கட்டணத்தை உயர்த்தாமல் பல ஆண்டுகள் தவிர்த்ததன் விலை அப்படி வேறொரு கணக்கில் வந்து உட்கார்ந்தது.

வட்டி வீதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இரண்டு கடன்களுக்கும் உள்ள தொலைவு தெரியும். தமிழ்நாடு அரசு பத்திர ஏலத்தில் தருவது ஆண்டுக்கு 7 விழுக்காட்டை ஒட்டிய வட்டி. ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்று சொன்னால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. ‘அஞ்சு வட்டி’ என்றால் 60. பத்தாயிரம் ரூபாய்த் தண்டலில் ஆயிரத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிக்கும்போது, கடன்பட்டவரிடம் சராசரியாக இருக்கும் பணம் ஏறத்தாழ 4,500 ரூபாய்தான் என்பதால், உண்மை வட்டி ஆண்டுக்கு 80 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. காய்கறிக்காரருக்குக் கொள்முதலுக்கான பணம் விடியற்காலையில் கோயம்பேடு சந்தையில் தேவை. வங்கிக் கிளை திறப்பது பத்து மணிக்கு. இந்த இடைவெளிக்குத்தான் அவ்வளவு விலை.

2003இல் தமிழ்நாடு இயற்றிய அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவின் சொற்களையே சட்டத்தின் சொற்களாக ஏற்று வரையறை தந்தது. இந்தியச் சட்ட நூல்களில் அரிதாகவே காணக்கூடிய காட்சி அது. சொற்கள் ஏட்டில் ஏறின, வழக்கம் ஒழியவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிப் புகாருக்குத் தீர்வு கிடைக்காத ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தீக்குளித்து, நால்வரும் இறந்தார்கள். 2025இல் சட்டமன்றம், நுண்கடன் நிறுவனங்களும் செயலிவழிக் கடன் தருவோரும் கட்டாய வசூலில் இறங்குவதைத் தடுக்க மற்றொரு சட்டத்தை இயற்றியது. அரசு தன் கடனுக்காக யாரிடமும் இப்படி அவமானப்பட்டதில்லை. அதற்குக் கிடைக்கும் கால அவகாசம், குறைந்த வட்டி, மறுகடன் ஆகிய மூன்றில் ஒன்றுகூட, அவை மிகவும் தேவைப்படும் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை.

தலைக்கு இவ்வளவு என்ற எண்ணை மேடையில் சொல்பவர்கள் அதோடு வருவாய்ப் பற்றாக்குறையையும் வட்டிச் செலவையும் ஜாமீன் நிலுவையையும் சேர்த்துச் சொல்லட்டும். கேட்பவர்களும் அவற்றையே கேட்க வேண்டும். குடும்பத்தின் தலையில் உண்மையாகவே இருக்கும் கடனை அறிய வேறு ஏடுகளைப் புரட்ட வேண்டும். தேசிய மாதிரி ஆய்வு 2019இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் 35 விழுக்காடும் நகர்ப்புறக் குடும்பங்களில் 22.4 விழுக்காடும் கடன்பட்டவை. எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்துப் பார்த்த சராசரி ஊரகத்தில் 59,748 ரூபாய், நகரத்தில் 1,20,336 ரூபாய். மாநில அரசின் கடன் நிலுவை கோடி ரூபாய் பிசகாமல் ஆண்டுதோறும் அச்சாகிறது. குடும்பங்களின் கடனை அந்த ஆய்வு இப்படிக் கணக்கெடுத்து முடிவுகளை வெளியிட்டது, இந்த நூற்றாண்டில் 2003, 2013, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குத்தான்.